வெயில், அடுப்பு, காமா கதிர்: ஒரு பயறுக்குள் நடப்பது என்ன?

பிசான நெல் அறுவடை முடிந்த வயலில், மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் கோடை தொடங்கியதும் களத்துக்கு வந்துவிடும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் அப்போது மொட்டைமாடி, கோயில் முற்றம், தார்ச்சாலை ஓரம் எல்லாமே காயவைக்கும் இடம்தான். காய்ந்த பயறைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். டக்கென்று உடைந்தால் மூட்டை கட்டலாம். பல் பதிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

சித்திரை வெயிலில் தார்ச்சாலையும் சிமெண்ட் தளமும் 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சுடும். மெல்லிய பரப்பாகக் கொட்டி, மேலே வெயில் ஊடுருவும் பாலித்தீன் விரித்தால் சூடு இன்னும் ஏறும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் கிடந்தால் பயறு வண்டும் அதன் முட்டையும் விதைக்குள்ளே குடைந்துகொண்டிருக்கும் புழுவும் செத்துப்போகும். விதை சாவதில்லை. அதே பயறை அடுத்த பருவத்தில் விதைத்தால் முளைக்கிறது. இரண்டும் உயிர்தான், இரண்டுக்கும் விழுந்தது ஒரே சூடுதான். பிறகு ஒன்று சாகவும் ஒன்று பிழைக்கவும் என்ன காரணம்?

தண்ணீர்தான் காரணம். நன்றாகக் காய்ந்த பயறில் ஈரம் பத்து, பன்னிரண்டு சதவீதம். புழுவின் உடம்பிலோ பாதிக்கு மேல் தண்ணீர். பயறு வகைகளில் சூடும் கதிர்வீச்சும் உண்டாக்கும் மாற்றங்களைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் முரணாகத் தெரியும் முடிவுகள் பலவற்றை, அந்த நேரத்தில் விதைக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டாலே பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம்.

புரதம் என்பது குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்து கிடக்கும் நீண்ட சங்கிலி. மடிப்பு கலைந்தால் அதன் வேலையும் போய்விடும். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டிப்படுவது இதனால்தான். ஆனால் சங்கிலி அசைந்து பிரிவதற்குச் சுற்றிலும் தண்ணீர் வேண்டும். காய்ந்த விதைக்குள் புரதமும் சர்க்கரையும் கண்ணாடிபோல் இறுகிக் கிடப்பதால் அறுபது டிகிரியில் அசைவே இல்லை. அதே விதையை இரவு முழுக்க ஊறவைத்து, பிறகு அறுபது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். முளைப்புத் திறன் போயே போய்விடும்.

சரி, விதைக்குள் என்னதான் இருக்கிறது? உளுந்து, பாசி, துவரை, காணம் எல்லாவற்றிலும் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை புரதம். பாதிக்கு மேல் மாவுச்சத்தும் நார்ச்சத்தும். இவை அடுத்த தலைமுறைச் செடிக்கான சேமிப்பு. இந்தச் சேமிப்பைப் பூச்சியும் பறவையும் மனிதனும் தின்றுவிடாமல் இருக்கச் செடி சில காவல் பொருள்களையும் உள்ளே வைத்திருக்கிறது. நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் ட்ரிப்சினைப் பிடித்துக் கட்டிவிடும் தடுப்பான்கள் ஒரு வகை. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் லெக்டின்கள் இன்னொரு வகை. தொலியில் துவர்ப்பாக இருக்கும் டானின்களும், இரும்பையும் துத்தநாகத்தையும் கவ்விக்கொள்ளும் ஃபைட்டிக் அமிலமும் உண்டு. வயிற்றில் காற்றை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்ற சர்க்கரைகள் காவலுக்கு வந்தவை அல்ல. விதை காயும்போது செல்களைக் காப்பவை, முளைக்கும்போது எரிபொருளாகுபவை. அவற்றை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லாததால்தான் தொல்லை.

பச்சையாகத் தின்றால் பயறு உடம்பில் ஒட்டாது என்பதை அறிவியல் அழுத்தமாகப் பதிவு செய்தது 1917-ல். ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பச்சைச் சோயாவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை சரியாக வளரவில்லை. வேகவைத்துக் கொடுத்தால் வளர்ந்தன. வேகவைத்ததால் புதிதாக எதுவும் சேரவில்லை, முன்பே இருந்த தடைதான் நீங்கியது. ட்ரிப்சின் தடுப்பானும் லெக்டினும் புரதங்கள் என்பதால் தண்ணீரோடு சேர்ந்த சூட்டில் மடிப்புக் கலைந்து செயலிழந்துவிடுகின்றன.

ஆனால் வெப்பம் அரைகுறையாக இருந்தால் ஆபத்து உண்டு. ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் 100 டிகிரியில் நன்றாகக் கொதித்தால் பத்து நிமிடத்தில் அழிந்துவிடும். 80 டிகிரியில் மெதுவாக வெந்தாலோ விதை மெத்தென்று ஆகிவிடும், நஞ்சு போகாது, பச்சையாக இருந்ததைவிடக் கூடவும் செய்யலாம். தை மாதம் மொச்சை வாங்குகிறவர்கள் நன்றாகக் குழைய வேகவைப்பது நல்ல பழக்கம். மொச்சையிலும் இவ்வகைப் புரதங்கள் உண்டு. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை ஒட்டிப் போவதால், ஊறிய பயறைப் பொறுத்தவரை அது மிக நம்பகமான கருவி.

உலர் சூடு வேறு மாதிரி. நெல்லைச் சமையலில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, பிறகு அரிசி, தேங்காய், பூண்டு, வெந்தயத்தோடு தண்ணீர் விட்டு வேகவைக்கிறோம். முதலில் உலர் சூடு, அடுத்து ஈரச் சூடு. சட்டியில் வறுபடும்போது விதையின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே புரதத்திலுள்ள லைசின் போன்ற அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து வறுத்த மணத்தையும் பழுப்பு நிறத்தையும் தருகின்றன. பச்சை வாடைக்குக் காரணமான கொழுப்பு நொதிகளும் அடங்கிவிடும். அதோடு நிறுத்தினால் ட்ரிப்சின் தடுப்பான்களில் ஒரு பகுதி தப்பித்துவிடும். பிறகு தண்ணீரில் வேகும்போது மிச்சமும் போகிறது, மாவுச்சத்தும் வெந்து விரிகிறது. வறுக்கும்போது கொஞ்சம் லைசின் வீணாவது உண்மைதான். இளஞ்சிவப்பில் இறக்கினால் இழப்பு சிறிது, கருக விட்டால் பெரிது. அரிசியில் குறைவாக இருக்கும் லைசினை உளுந்து ஈடுகட்டுவதுதான் இந்தச் சோற்றின் பலம் என்பதால், உளுந்தைக் கருக்கிவிட்டு உளுந்தஞ்சோறு செய்வதில் அர்த்தமில்லை.

காணத் துவையல் இன்னும் கவனம் கேட்கிறது. கொள்ளைத்தான் நம் பக்கம் காணம் என்கிறோம். காணத்தை வறுத்து, மிளகாய், தேங்காய், புளி, பூண்டு வைத்து அரைத்தால் துவையல் தயார். வேகவைப்பதே இல்லை, உலர் சூடு மட்டும்தான். காணத்தில் இருக்கும் ட்ரிப்சின் தடுப்பான் பௌமன்-பிர்க் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னப் புரதம், ஆனால் கந்தக இணைப்புகள் ஏழு போட்டு இறுக்கிக் கட்டப்பட்டது. கொதிநீரையே ஓரளவு தாங்கும் வலு அதற்கு உண்டு. லேசாகச் சூடு காட்டிவிட்டு அரைத்தால் அது அப்படியே இருக்கும். ஒரு கரண்டித் துவையலால் யாருக்கும் கேடு வரப்போவதில்லை. இருந்தாலும் காணத்தை நிதானமான தீயில், உள்ளே வரை சூடு ஏறும்படி பொறுமையாக வறுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. தடிமனான விதைக்குள் சூடு இறங்க நேரம் வேண்டும்.

வெப்பத்தால் அசைக்க முடியாதவையும் விதைக்குள் உண்டு. ஃபைட்டிக் அமிலம் சாதாரணச் சமையல் சூட்டில் அவ்வளவாக உடைவதில்லை. காற்று உண்டாக்கும் சர்க்கரைகளும் சூட்டில் மட்டும் அழிவதில்லை, ஊறவைத்த தண்ணீரில் கரைந்து இறங்குகின்றன. அந்தத் தண்ணீரைக் கொட்டினால்தான் பலன். முளைகட்டுவது இவற்றையெல்லாம்விட வலிமையான வழி. விதை விழித்துக்கொண்டால் அதன் சொந்த நொதிகளே அந்தச் சர்க்கரைகளைத் தின்றுவிடும், ஃபைட்டிக் அமிலத்தையும் உடைத்து இரும்பை விடுவிக்கும்.

அதே ஃபைட்டிக் அமிலத்தால் நம் ஊர்ச் சமையலறையில் இன்னொரு சங்கடமும் வருகிறது. பழைய பயறு வேகாது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், விதைக்குள்ளிருக்கும் நொதி ஃபைட்டிக் அமிலத்தை மெல்ல உடைக்கிறது. அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு, செல்களை ஒட்டவைக்கும் பெக்டினோடு சேர்ந்து கட்டுப் போடுகின்றன. பிறகு எவ்வளவு கொதித்தாலும் செல்கள் பிரிவதில்லை. இந்தக் கால்சியம் வெளியிலிருந்தும் வரலாம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் முரண்டு பிடிப்பது இதனால்தான். பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்து வைக்கும் வீடுகள் அங்கே நிறைய. ஆப்பச் சோடா போட்டால் வெந்துவிடும், ஆனால் காரத்தன்மை கூடி தயாமின் என்ற பி-1 வைட்டமின் அழியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல்நாளே நல்ல தண்ணீரில் ஊறவைப்பதுதான் சரியான வழி.

இனி கதிர்வீச்சு. பயறு மூட்டைக்குள் இருக்கும் வண்டை ஒழிக்கக் காமா கதிர் செலுத்தும் முறையும் உண்டு. கூடங்குளத்தில் முதல் அணு உலை 2013-ல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டம் நாடறிந்தது. எனவே கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் இந்த மாவட்டத்துக்காரருக்கு நெஞ்சில் ஒரு பதற்றம் வருவது நியாயம். அந்தப் பதற்றத்தை மதித்தே இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கதிரியக்கப் பொருள் உணவில் கலந்துவிடுவது ஒன்று. அது மாசு, அது உடம்புக்குள் போகும். மூடிய உறைக்குள் இருக்கும் கோபால்ட்-60-லிருந்து வரும் காமா கதிர் மூட்டையின் ஊடாகக் கடந்து போவது வேறொன்று. இதில் கோபால்ட் பயறைத் தொடுவதே இல்லை. அதன் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். உணவிலுள்ள அணுக்களின் கருவை மாற்றிக் கதிரியக்கம் உள்ளதாக ஆக்க இது போதாது. அதனால் கதிர் பட்ட பயறு வெளியே வந்தபின் கதிர் வீசுவதில்லை.

அளவுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே. ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே. மனிதன் முழு உடலிலும் நான்கைந்து கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேராவது இறந்துவிடுவார்கள். பயறுக்குக் கொடுப்பதோ நூற்றுக்கணக்கான கிரே. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் ஒரு கிலோகிரே ஒரு கிலோ தண்ணீரின் சூட்டைக் கால் டிகிரிதான் ஏற்றும். பத்து கிலோகிரே கொடுத்தாலும் உலர்ந்த பயறு ஐந்தாறு டிகிரிதான் சூடேறும். அதே ஒரு கிலோ தண்ணீரை அடுப்பில் கொதிக்க வைக்க 290 கிலோஜூல் வேண்டும், அதாவது பத்து கிலோகிரேயைப் போல இருபத்தொன்பது மடங்கு.

இவ்வளவு சிறிய ஆற்றல் எப்படி உயிரைக் கொல்கிறது? சூடு எல்லா மூலக்கூறுகளையும் சமமாக ஆட்டுகிறது. காமா கதிர் அப்படியில்லை. தன் ஆற்றலை அங்கங்கே சிறு சிறு இடங்களில் கொத்தாக இறக்கி இணைப்புகளை வெட்டுகிறது. ஒரு செல்லில் புரத மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் இருக்கும், அவற்றில் சில வெட்டுப்பட்டால் தெரியாது. டிஎன்ஏ அப்படிப் பெருகிக் கிடப்பதில்லை. அது வெட்டுப்பட்டால் செல் பிளந்து பெருக முடியாது. ஆகவே முட்டையும் இளம்புழுவும் சீக்கிரம் போகும். வளர்ந்த வண்டு சில நாள் உயிரோடு நடமாடலாம், ஆனால் அதற்குச் சந்ததி கிடையாது. கதிரூட்டிய பயறில் நடமாடும் வண்டைக் கண்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

இங்கேயும் தண்ணீர் வந்துவிடுகிறது. கதிர் தண்ணீரைப் பிளந்தால் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான துண்டு உண்டாகி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும். ஈரமான பொருளில் இந்த மறைமுகத் தாக்குதல்தான் பெரும் சேதம் செய்யும். காய்ந்த பயறில் தண்ணீர் குறைவு, இருக்கும் துண்டுகளும் நகர முடியாமல் சிக்கிக் கிடக்கும். அதனால் ஒரே அளவு கதிர் ஊறிய பயறில் செய்யும் வேலையை உலர்ந்த பயறில் செய்வதில்லை.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி பயறு வகைகளில் பூச்சி ஒழிக்க 0.25 முதல் 1 கிலோகிரே வரையும், நுண்ணுயிர் குறைக்க 1.5 முதல் 5 கிலோகிரே வரையும் கொடுக்கலாம். பத்து கிலோகிரே வரை கதிர் பட்ட உணவில் நச்சுத்தன்மைக் கேடு இல்லை என்று உலகச் சுகாதார அமைப்பு உள்ளிட்ட பன்னாட்டு நிபுணர் குழு 1980-லேயே சொல்லியிருக்கிறது. பொட்டலத்தில் பச்சை நிறத்தில் வட்டத்துக்குள் இலை போன்ற குறியும் கதிரூட்டப்பட்டது என்ற வாசகமும் இருக்கும்.

ஆனால் கதிர்வீச்சு பயறின் தீய பொருள்களை நீக்கிச் சத்தைக் கூட்டுகிறது என்று படிக்கும்போது, எத்தனை கிலோகிரேயில் என்று கேட்டுப் பழக வேண்டும். வண்டைக் கொல்லும் ஒரு கிலோகிரேயில் ட்ரிப்சின் தடுப்பானும் ஃபைட்டிக் அமிலமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பத்து கிலோகிரேயில் கூடத் தடுப்பான்கள் ஒரு பகுதிதான் குறையும். பாதி மணி நேரக் கொதி செய்யும் வேலையில் அது பாதியைத் தொடுமா என்பதே சந்தேகம். கதிர்வீச்சு சேமிப்புக்கான கருவி, அடுப்புக்கு மாற்று அல்ல என்பது என் முடிவு.

கதிர்வீச்சு நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. நீண்ட சங்கிலிகளை அது எளிதாக வெட்டும். மாவுச்சத்து, பெக்டின் எல்லாம் சில கிலோகிரேயிலேயே துண்டுபடும். விதை தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சும், வேகும் நேரம் குறையும். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்து ஆய்வாளர்கள் 1980-களிலேயே பயறுகளில் இதைக் கண்டார்கள். பாசிப்பயறைக் கதிரூட்டி முளைகட்டினால் காற்று உண்டாக்கும் சர்க்கரைகள் என்னவாகின்றன என்றும் ஆராய்ந்தார்கள். வேகாத பழைய துவரைக்கு இது நல்ல செய்தி. உளுந்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. இட்லி மாவு பொங்கிக் காற்றைப் பிடித்து நிற்பதற்கும், கல்லிடைக்குறிச்சி அப்பள மாவு அப்பளக்காரம் சேர்ந்து ரப்பராக இழுபடுவதற்கும் உளுந்தின் புரதமும் அதிலுள்ள கொழகொழப்பான நீண்ட சர்க்கரைச் சங்கிலியும்தான் காரணம். கூடுதல் கதிரில் அந்தக் கொழகொழப்பு தளரும். ஒரு கிலோகிரேக்குள் நிறுத்தினால் பெரிய கெடுதல் இல்லை. ஐந்துக்குப் போனால் அப்பளத் தொழில் செய்கிறவர்கள் மாவைப் பிசைந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதிரூட்டிய மூட்டையை விதைக்கு எடுக்கவே கூடாது. முளை எட்டிப் பார்த்தாலும் வேரும் தண்டும் குட்டையாக நின்றுவிடும். விதைக்கு நம் ஊர் முறைதான் பொருத்தம்: துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி வெயிலில் காயவைத்து, குலுக்கை என்னும் தானியக் குதிரில் கொட்டுவது. செம்மண் பூச்சில் வண்டு முட்டை ஒட்ட இடம் கிடைப்பதில்லை. இன்னொன்று, கதிர் மிச்சம் எதையும் விட்டுச் செல்லாது என்பதால் பின்னால் வரும் வண்டைத் தடுக்கவும் செய்யாது. பூச்சி துளைக்க முடியாத பையில் அடைத்த பிறகு கதிரூட்டுவதால் மட்டுமே பலன்.

சூடும் கதிரும் சேர்ந்து சோதிக்கப்பட்ட ஒரு விதை நம் மலையிலேயே இருக்கிறது. முண்டந்துறைக் காட்டில் மயிலாறு, இஞ்சிக்குழி பக்கம் வாழும் காணி மக்கள் பூனைக்காலி விதையை உண்பதைத் தாவரவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புரதம் உளுந்துக்குக் குறைவில்லாதது. ஆனால் எடையில் நான்கைந்து சதவீதம் எல்-டோபா இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் அதே பொருள், உணவாக உள்ளே போனால் வாந்தியும் தலைச்சுற்றலும் தரும். அது புரதம் அல்ல. எனவே சூடு அதன் மடிப்பைக் கலைத்து முடக்க முடியாது, வறுத்தாலும் பெரும்பகுதி நிற்கும். தண்ணீரில் மட்டும் கரையும். காணிகள் விதையைத் திரும்பத் திரும்ப வேகவைத்து ஒவ்வொரு முறையும் கறுத்த தண்ணீரைக் கொட்டிவிடுவது இதற்குச் சரியான விடை. பூனைக்காலியை 30 கிலோகிரே வரை கதிரூட்டிப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. 15 கிலோகிரேயில் ஃபைட்டிக் அமிலம் முழுதும் போனது, எல்-டோபாவும் அளவுக்கேற்பக் குறைந்தது. ஃபீனால் பொருள்கள் மட்டும் கூடின. கட்டுண்டு கிடந்தவை சங்கிலி வெட்டுப்பட்டதால் விடுபட்டிருக்கலாம்.

15 கிலோகிரே நம் சட்ட வரம்பைப் போல மூன்று மடங்கு. சட்டம் அனுமதித்தாலும், அவ்வளவு கதிர் தரும் கூடம் இஞ்சிக்குழிக் காட்டுக்கு வரப்போவதில்லை. அங்கே தேவைப்படுவது விறகையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் வழி. விதையை முழுதாக வேகவைப்பதைவிட, ஊறவைத்துத் தொலி நீக்கி, குருணையாக உடைத்து வேகவைத்தால் எல்-டோபா பல மடங்கு வேகமாக இறங்குகிறது. கரைந்து வெளியேற அது கடக்க வேண்டிய தூரம் குறைந்துவிடுகிறது, தண்ணீர் மாற்ற வேண்டிய தடவையும் குறைகிறது. அதற்கு ஓர் உரலும் இன்னொரு பானைத் தண்ணீரும் போதும்.